கேரி மல்கோவ்ஸ்கி: சைகை மொழியில் பேசிய ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினர்

கடலோடி எழுதியது:

கனடாவின் மாற்றுத்திறனாளி அரசியல்வாதிகள் பற்றிய மற்ற இழையில் ஸ்டீவன் ஃபிளெட்சர் வந்தார், சாம் சல்லிவன் வந்தார், கென்ட் ஹெர் வந்தார். மூன்று பேருமே சக்கரநாற்காலியில் இருப்பவர்கள். கேரி மல்கோவ்ஸ்கியை ஒருவர்கூடச் சொல்லவில்லை, அதுவும் இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு. ஆகவே அவருக்குத் தனி இழை.

ஹமில்ட்டனில் பிறந்தவர். காது கேளாதவர், அமெரிக்கச் சைகை மொழிதான் அவருடைய மொழி. வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே இருக்கும் கலொடெட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1990 செப்டம்பர் 6 ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் யோர்க் ஈஸ்ட் தொகுதியில் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக நின்று, அப்போது உறுப்பினராக இருந்த லிபரல் கட்சியின் கிறிஸ்டின் ஹார்ட்டைத் தோற்கடித்து குயின்ஸ் பார்க்குக்கு, அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குப் போனார். கனடாவில் எந்தச் சட்டமன்றத்துக்கும் தெரிவான முதல் காது கேளாதவர் இவர்தான். உலகத்திலேயே ஒரு சட்டமன்றத்தில் எழுந்து நின்று சைகை மொழியில் உரையாற்றிய முதல் உறுப்பினரும் இவர்தான். 1995 வரை இருந்தார், பிறகு தோற்றார்.

எனக்கு இவரைப் பிடிக்கக் காரணம் "ஊனத்தை வென்றார்" வகைக் கதை அல்ல. அந்த மாதிரிக் கதைகளில் மாற வேண்டியவர் எப்போதும் மாற்றுத்திறனாளிதான். அவர் பயிற்சி எடுப்பார், பல்லைக் கடிப்பார், மற்றவர்களைப் போல ஆகிக் காட்டுவார், நாங்கள் கைதட்டுவோம். மல்கோவ்ஸ்கி விஷயத்தில் மாற வேண்டியிருந்தது சட்டமன்றம். அவர் வாயசைவைப் படித்துச் சமாளிக்கிறேன், எழுதித் தருகிறேன் என்று போகவில்லை. என் மொழியில் பேசுவேன், உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் உரைபெயர்ப்பாளரை வையுங்கள் என்ற நிலையில் போய் உட்கார்ந்தார். வைத்தார்கள். உறுப்பினர் அல்லாதவர் அவை நடக்கும்போது தளத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் வழி வந்த சட்டமன்றங்களில் நூற்றாண்டுகளாக இருக்கும் மரபு. அந்த மரபு அவருக்காக வளைந்து கொடுத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தடைகளை அகற்ற அவர் கொண்டுவந்த 168ஆம் சட்டமூலம் பற்றித் தனியாக எழுத வேண்டும், அதுதான் முக்கியம். முதலில் மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தொழிற்சங்கக்காரன் எழுதியது:

தம்பி, நான் அந்தத் தேர்தலில் வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன், அதனால் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். 1990இல் 130 தொகுதிகளில் 74ஐ என்டிபி பிடித்தது. கட்சித் தலைவர் பாப் ரேயே எதிர்பார்க்காத வெற்றி. அப்போது முதல்வராக இருந்த லிபரல் தலைவர் டேவிட் பீட்டர்சன் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அந்த அலையில் வந்த புதியவர்களில் மல்கோவ்ஸ்கியும் ஒருவர். 1995இல் கன்சர்வேட்டிவ் தலைவர் மைக் ஹாரிஸின் அலை அடித்தது, கட்சி 17 இடத்துக்கு இறங்கியது, கரை ஒதுங்கியவர்களில் இவரும் ஒருவர். வந்ததும் போனதும் அலையால்.

முதல் ஆள் என்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அரசியல்வாதியை எடை போடும்போது என்ன சட்டம் நிறைவேறியது என்று கேட்க வேண்டாமா? 168 நிறைவேறவில்லை. பெரும்பான்மை இருந்த சொந்தக் கட்சியே அதை நிறைவேற்றவில்லை. இன்று எல்லோரும் சொல்லும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுதல் சட்டம் 2005இல் லிபரல் அரசு கொண்டுவந்தது.

தேன்சிட்டு எழுதியது:

நான் சைகை மொழி உரைபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன். அரசியல் எனக்கு அவ்வளவு தெரியாது, ஆனால் "உரைபெயர்ப்பாளரை வைத்தார்கள்" என்று ஒரு வரியில் கடந்து போனதால் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆள் போதாது. நீண்ட கூட்டம் என்றால் இரண்டு பேர், கிட்டத்தட்ட 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். அதற்கு மேல் ஒருவரே செய்தால் கை வலிப்பதற்கு முன்னால் மூளை களைத்துவிடும், பிழை வரத் தொடங்கும், பிழை வருவது நமக்கே தெரியாது. ஓய்வில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை. தவறிப்போன ஒரு எண்ணையோ பெயரையோ பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பார். சட்டையில் கோடு, பூ எதுவும் இருக்கக் கூடாது, தோலின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் ஒற்றை நிறம், கை தெளிவாகத் தெரிய வேண்டுமே. ஆட்களின் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் காட்ட வேண்டும். சட்டமன்றம் என்றால் தொகுதிப் பெயர்களும் சேரும், அங்கே ஒருவரையொருவர் தொகுதிப் பெயர் சொல்லித்தானே அழைக்கிறார்கள்.

சைகை மொழி ஆங்கிலச் சொற்களுக்குக் கையால் போடும் குறி அல்ல. அதற்குத் தனி இலக்கணம். முகமும் புருவமும் தோளும் அதில் பங்கெடுக்கும். கேள்வியா, நிபந்தனையா என்பது புருவத்தில் இருக்கும். ஆகவே ஒரு கருத்து முடியும் வரை காத்திருந்து பிறகுதான் ஆங்கிலத்தில் சொல்ல முடியும். சில விநாடி பின்னால்தான் வருவோம். சட்டமன்றத்தில் அந்தச் சில விநாடிக்குள் யாராவது குறுக்கே கத்திவிடுவார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்துவார்கள், அவர்களில் ஒருவர் சொன்னதைத்தான் நம்மால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். பதிலுக்கு ஒரு வார்த்தை போடலாம் என்று உறுப்பினர் கையை எடுக்கும்போது அவை அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். ஐந்து வருடம் இந்த நிலையில் ஒருவர் விவாதம் செய்திருக்கிறார் என்பதே என்னைப் பொறுத்தவரை சாதனைதான் ஐயா, சட்டம் நிறைவேறியதோ இல்லையோ.

இன்னொன்று. அவர் பேசுவதை நாங்கள் சொல்லும்போது "அவர் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டோம், "நான்" என்றுதான் சொல்வோம். ஹன்சாட்டில், அதாவது அவையில் பேசியதன் எழுத்துப் பதிவில் வருவது அந்த ஆங்கிலம். அவருடைய கை சொன்னது எழுத்தில் எங்கும் இருக்காது. உரைபெயர்ப்பாளர் ஒரு சொல்லைப் பிழையாகத் தெரிந்தெடுத்தால் அது அந்த உறுப்பினரின் சொல்லாகவே என்றைக்கும் நிற்கும். அவ்வளவு நம்பிக்கையை இன்னொருவரின் வாயில் ஒப்படைத்துவிட்டு அரசியல் செய்வதை யோசித்துப் பாருங்கள்.

வரிகட்டுபவன் எழுதியது:

கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனாலும் கேட்கிறேன். ஒரு உறுப்பினருக்காக இரண்டு மூன்று உரைபெயர்ப்பாளர்கள், வருடக்கணக்கில், பொதுப் பணத்தில். சக்கரநாற்காலி என்றால் ஒரு சாய்தளம் கட்டினால் முடிந்தது, ஒருமுறைச் செலவு. இது தினச் செலவு அல்லவா?

கடலோடி எழுதியது:

கேட்டது நல்லது, பலர் மனதில் இருப்பதுதான். ஓட்டாவா நாடாளுமன்றத்தில் 1959இலிருந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் உடனுக்குடன் உரைபெயர்ப்பாகிறது, தினமும், பொதுப் பணத்தில். அதை யாராவது "பிரெஞ்சுக்காரருக்கான செலவு" என்று சொல்வார்களா? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தானே அது நடக்கிறது. குயின்ஸ் பார்க்கிலும் அப்படித்தான். சைகை மொழி தெரியாத மற்ற 129 பேருக்கும் மல்கோவ்ஸ்கி சொல்வது விளங்குவதற்காகவும்தான் உரைபெயர்ப்பாளர் இருந்தார்.

சாய்தளம் ஒருமுறைச் செலவு என்பதும் முழுதாகச் சரியில்லை. ஃபிளெட்சர் 1996இல் மனிடோபாவில் கார் ஒரு மூஸ் மானில் மோதிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவருக்கு நாள் முழுக்கப் பக்கத்தில் உதவியாளர் தேவை. அப்படித்தான் 2004இலிருந்து மத்திய நாடாளுமன்றத்திலும், 2016இலிருந்து மனிடோபா சட்டமன்றத்திலும் வேலை செய்தார். அரசியலில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. உதவியாளர் இல்லாமல் எந்த அமைச்சரும் ஒரு நாள்கூட ஓட்டுவதில்லை, மாற்றுத்திறனாளியின் உதவியாளரைப் பார்க்கும்போது மட்டும் நமக்குக் கணக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மில்டன்_அம்மா எழுதியது:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். அதனால் இந்தப் பெயர் எங்கள் வீட்டில் தெரிந்த பெயர்.

ஐயா என்ன சட்டம் நிறைவேறியது என்று கேட்டார். 1993இல் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில் ஒன்ராறியோ கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கச் சைகை மொழியும் கியூபெக் சைகை மொழியும் பாடசாலையில் கற்பிக்கும் மொழியாக இருக்கலாம் என்று அந்தத் திருத்தம் சொன்னது. அந்த வரி எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1880இல் இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. வகுப்பறையில் சைகை கூடாது, பேச்சுத்தான் என்று தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பிள்ளைகளின் கையைக் கட்டி வைத்துவிட்டு, கேட்காத ஒலியைத் தொண்டையிலிருந்து வரவழைக்கச் சொன்னார்கள். அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அதை நிராகரித்தது 2010இல், அதே வரிசை மாநாடு வன்கூவரில் கூடியபோதுதான்.

என் மகளுக்கு இரண்டு வயதாக முன்னர், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், "சைகை காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும், காட்டாதீர்கள்" என்று எனக்குச் சொன்னார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று நானும் கேட்டேன். பிள்ளை தண்ணீர் வேண்டுமென்று கேட்க வழியில்லாமல் தரையில் விழுந்து புரளுவாள், நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வாயை அகலமாகத் திறந்து "தண்ணீர், தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு காது கேளாத பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று விரலை நிமிர்த்தி நாடியில் இரண்டு தரம் தட்டினார், அதுதான் தண்ணீர். மகள் அன்று பின்னேரத்துக்குள் அதைத் திருப்பிச் செய்தாள். அவளுக்கு மொழி கிடைத்தது அப்படித்தான்.

ஆகவே யாராவது அலையில் வந்தார் அலையில் போனார் என்று சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது, மன்னிக்க வேண்டும்.

கேசவன்_நோர்த்யோர்க் எழுதியது:

அக்கா, தப்பாக எடுக்க வேண்டாம். இப்போது காதுக்குள் பொருத்தும் கருவி வந்துவிட்டதே, கொக்லியர். இன்னும் சைகை மொழி தேவையா?

மில்டன்_அம்மா எழுதியது:

தம்பி, கருவி போட்ட பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, சிலருக்கு அவ்வளவு இல்லை, கழற்றி வைத்தால் எல்லோருக்கும் அமைதிதான். குளிக்கும்போது, நீந்தும்போது, பற்றரி முடியும்போது. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவி போட்டாலும் போடாவிட்டாலும் பிள்ளைக்கு முழுதாக விளங்கும் ஒரு மொழி முதல் சில வயதுக்குள் கிடைக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. நான் தள்ளிப்போட்ட மாதங்கள் திரும்ப வராது.

பழைய_தொழிற்சங்கக்காரன் எழுதியது:

தங்கச்சி, கல்விச் சட்டத் திருத்தம் அவர் காலத்தில் நடந்தது என்பது சரி, அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். என் கோபம் அவர் மேல் இல்லை, அரசின் மேல். அந்தக் காலத்தை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: 1993இல் சமூக ஒப்பந்தம் என்று சொல்லி அரசு ஊழியரின் கூட்டு ஒப்பந்தங்களில் கை வைத்தார்கள், சம்பளமில்லாத விடுமுறையைத் திணித்தார்கள், தொழிற்சங்கம் பாதி கட்சியை விட்டுப் போனது. 1994 ஜூனில் ஒரேபால் இணையருக்கான 167ஆம் சட்டமூலத்தைக் கட்சிக் கட்டுப்பாடில்லாத சுதந்திர வாக்குக்கு விட்டு, சொந்த உறுப்பினர்களே எதிர்த்து, 68க்கு 59 என்று தோற்றார்கள். அதற்கு அடுத்த எண்தான் மல்கோவ்ஸ்கியின் 168. தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போது அரசுக்கு இன்னொரு உரிமைச் சட்டத்தைத் தூக்கிச் சுமக்கத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை. மனமில்லாமல் போனதை நான் மன்னிக்க மாட்டேன்.

கடலோடி எழுதியது:

அண்ணை, இதில் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான். இப்போது 168 பற்றி.

அது தனி உறுப்பினர் சட்டமூலம். அரசு கொண்டுவருவது ஒரு வகை, சாதாரண உறுப்பினர் கொண்டுவருவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு அந்த நாட்களில் வியாழன் காலையில் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். அதன்பின் அரசு நேரம் ஒதுக்கினால்தான் மூன்றாம் வாசிப்பு, அதாவது இறுதி வாக்கெடுப்பு. பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும், பெரும்பான்மைக் கட்சிக்காரர் கொண்டுவந்தாலும்தான். மல்கோவ்ஸ்கியின் சட்டமூலம் ஒன்ராறியோ முழுவதும் மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கும் தடைகளை அகற்ற ஒரு பொதுச் சட்டம் வேண்டும் என்று சொன்னது. அதுவரை இருந்த வழி என்ன? மனித உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியாக முறைப்பாடு செய்வது. ஒரு கடைவாசலில் படி இருந்தால் ஒரு முறைப்பாடு, அடுத்த கடைக்கு இன்னொன்று, வருடக்கணக்கில் காத்திருப்பு. தடையைக் கட்டிவிட்டுப் பிறகு வழக்குப் போடுவதற்குப் பதிலாக, கட்டாமல் தடுப்பதும் இருப்பதை அகற்றுவதும் நிறுவனத்தின் கடமை என்பதுதான் அந்தச் சட்டத்தின் எண்ணம்.

1994 நவம்பர் 29. சட்டமன்றக் குழு முன்னால் 168 விசாரணைக்கு வந்த நாள். மாற்றுத்திறனாளிகள் பலர் பார்க்க வந்திருந்தார்கள். அமைச்சர் வந்து பேசினார், ஆனால் அரசு இதை நிறைவேற்றும் என்ற உறுதி வரவில்லை. மனம் கொதித்துப்போன 20 பேரளவில் அங்கேயே குயின்ஸ் பார்க்கில் ஓர் அறையில் கூடி, இந்தச் சட்டத்துக்காக ஒரு குழு அமைப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்தக் குழுதான் பத்து வருடத்துக்கு மேல் மூன்று கட்சிகளையும் விடாமல் துரத்தியது. அதை முன்னின்று நடத்தியவர் டேவிட் லெபோஃப்ஸ்கி, பார்வையற்ற சட்டத்தரணி.

1995 தேர்தலில் ஹாரிஸிடமிருந்து எழுத்தில் வாக்குறுதி வாங்கினார்கள், முதல் ஆட்சிக்காலத்துக்குள் சட்டம் கொண்டுவருவேன் என்று. கொண்டுவரவில்லை. 1998இல் பல்லில்லாத சில பக்கச் சட்டமூலம் ஒன்று வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் போனது. 2001இல் ஒரு சட்டம் நிறைவேறியது, பெரும்பாலும் அரசுத் துறைகளோடு நின்றுவிட்டது. 2005இல்தான் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம், ஏகமனதாக, எதிர்வாக்கு இல்லாமல். அண்ணை, அதை லிபரல் அரசு கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனால் அந்த விதை 1994இல் போட்டது. சட்டமூலம் நிறைவேறாமல் நின்றதால்தான் இயக்கம் பிறந்தது, நிறைவேறியிருந்தால் இவ்வளவு பேர் சேர்ந்திருப்பார்களோ தெரியாது.

தேன்சிட்டு எழுதியது:

இதே காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காது கேளாத ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன, பிரசவ நேரத்தில் உரைபெயர்ப்பாளர் இல்லை. பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், என்ன நடக்கிறது என்று தாய்க்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பமும் இன்னும் ஒருவரும் சேர்ந்து போட்ட வழக்குத்தான் எல்ட்ரிட்ஜ் வழக்கு. 1997இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது: மருத்துவ சேவையில் உரைபெயர்ப்பாளர் இல்லாதது சமத்துவ உரிமையை மீறுவது. என் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பு மனப்பாடம்.

கேசவன்_நோர்த்யோர்க் எழுதியது:

நல்ல விளக்கம். தோற்ற பிறகு மல்கோவ்ஸ்கி என்ன ஆனார்? வேறு நாட்டில் இப்படி யாராவது வந்தார்களா?

கடலோடி எழுதியது:

சட்டமன்றத்துக்குத் திரும்பவில்லை. கனடியச் செவிப்புலன் சங்கத்தில் பல வருடம் உயர் பொறுப்பில் வேலை செய்தார், அணுகுதல் சட்டத்துக்கான போராட்டத்திலும் கடைசி வரை இருந்தார். வெளியே தென்னாபிரிக்காவில் 1999இல் வில்மா நியூஹவுட்-ட்ரூகன், பெல்ஜியத்தில் ஃபிளெமிஷ் நாடாளுமன்றத்துக்கு 2004இல் ஹெல்கா ஸ்டீவன்ஸ், ஆஸ்திரியாவில் 2009இல் ஹெலீன யார்மர். எல்லோரும் இவருக்குப் பிறகு வந்தவர்கள்.

வரிகட்டுபவன் எழுதியது:

செலவு பற்றி நான் கேட்டதற்கு வந்த பதிலை ஏற்கிறேன். ஆனால் 2005 சட்டம் 2025க்குள் ஒன்ராறியோ முழுவதும் அணுகக்கூடியதாக ஆகும் என்று சொன்னதே. ஆனதா?

பழைய_தொழிற்சங்கக்காரன் எழுதியது:

ஆகவில்லை. 2025 ஜனவரி 1 வந்தது, போனது. 2019இலேயே டேவிட் ஆன்லி அந்தச் சட்டம் பற்றிய மீளாய்வு அறிக்கையில் எழுதிவிட்டார், மாகாணம் இன்னும் மனதை நசுக்கும் தடைகளால் நிறைந்திருக்கிறது என்று. அவர் போலியோவால் பாதிக்கப்பட்டவர், மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக ஏழு வருடம் இருந்தவர், வெளியில் நின்று கத்துகிற ஆளாக இருந்ததில்லை. சட்டம் இருக்கிறது, அதை மீறுகிறவரைப் போய்ப் பிடிப்பதற்கு ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை. இதனால்தான் தம்பி நான் ஆரம்பத்திலேயே என்ன நிறைவேறியது என்று கேட்டேன். நிறைவேறியதுகூடப் பாதியில் நிற்கிறது. மல்கோவ்ஸ்கி மாதிரி இரண்டு பேர் இன்றைக்கு அந்த அவைக்குள் இருந்திருந்தால் அந்தத் தேதி இவ்வளவு சத்தமில்லாமல் கடந்து போயிருக்காது, அந்த மட்டில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ரே அரசு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மில்டன்_அம்மா எழுதியது:

ஐயாவுக்கு நன்றி. கடலோடி, ஒரு உதவி. மகளுக்கு இப்போது பாடசாலையில் அரசியல் பற்றி ஒரு செயற்திட்டம், இவரைப் பற்றிச் செய்யப் போகிறேன் என்கிறாள். அவர் பேசியதை எங்கே வாசிக்கலாம்?

கடலோடி எழுதியது:

ஒன்ராறியோ சட்டமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் பதிவுகள் இருக்கின்றன அக்கா. 35ஆவது சட்டமன்றம், 1990 முதல் 1995 வரை. அவர் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். முதலில் 1990 கடைசி மாதங்களைப் பார்க்கட்டும், பிறகு 1994இல் 168 விவாதம். வாசிப்பது உரைபெயர்ப்பாளரின் ஆங்கிலம் என்பதைத் தேன்சிட்டு மேலே எழுதியிருக்கிறார், அதையும் செயற்திட்டத்தில் ஒரு பந்தியாகப் போடச் சொல்லுங்கள், அவளுக்கு அது யாரும் சொல்லாமலே விளங்கும். முடித்த பிறகு, அவளுக்குச் சம்மதமென்றால் இங்கே போடுங்கள்.